பாயை இறக்க ஆளில்லாத கப்பல்: மாரிக்கால வாசிப்புக் கணக்கு

ஐப்பசி பிறந்த கையோடு எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். மாரி முடியும்வரை பேய்க்கதை, மாயக்கதை, சித்திரக்கதை தவிர வேறொன்றும் தொடுவதில்லை, வாசித்து முடித்த இரவே நாலு வரி எழுதாமல் படுப்பதில்லை என்று முடிவு. முதல் பாதி அநேகமாக நடந்தது. இரண்டாவதில் கொஞ்சம் கள்ளம் உண்டு. சில குறிப்புகள் அடுத்த நாள் காலை பிளேன்ரீயோடு எழுதியவை.

திருகோணமலையில் இந்த வேலைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. வாடை பிடித்துவிட்டால் கடல் கறுத்துப்போகும். பின்னேரத்தில் டச்சுபே பக்கம் காற்று வாங்க வருகிற சனமும் குறைந்துவிடும், கச்சான் விற்கிறவரும் வண்டிலை மூடிக்கொண்டு போய்விடுவார். இரவில் கரண்ட் போனால் அலைச்சத்தம் கூரைக்கு மேலே ஏறிவிட்ட மாதிரிக் கேட்கும். பேய்க்கதைக்கு வேறென்ன வேண்டும்? சார்ஜ் நிற்கிற ஒரு லைட்தான். அதையும் வாங்கினேன்.

தொடங்கியது டிராகுலாவில். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதியது. படங்களாகப் பார்த்துச் சலித்த கதை, புத்தகத்தில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் எடுத்தேன். இருக்கிறது. முழுக்க முழுக்க நாட்குறிப்பும் கடிதமும் தந்தியும் பத்திரிகைத் துண்டும்தான். எல்லாரும் எழுதுகிறார்கள், ரத்தக்காட்டேரி மட்டும் தன் பக்கத்துக் கதையைச் சொல்வதேயில்லை. அதனால் அவன் எங்கே நிற்கிறான் என்பதை மற்றவர்கள் எழுதாமல் விட்ட இடத்தில் நாங்களாகத் தேடவேண்டியிருக்கிறது.

இதில் ஏழாவது அத்தியாயத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். வார்ணாவிலிருந்து இங்கிலாந்தின் விட்பிக்கு டிமீட்டர் என்ற பாய்க்கப்பல் வெள்ளை மணலும் மண் நிரப்பிய பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு வருகிறது. கப்டனோடு ஒன்பது பேர். ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். வாசிக்கிற எங்களுக்குக் காரணம் தெரியும், குறிப்பு எழுதுகிற கப்டனுக்குத் தெரியாது. அவர் எழுதுவதெல்லாம் காற்று, காவல் முறை, ஆள் பற்றாக்குறை.

இதைப் பக்கத்து வீட்டு ஐயாவுக்குச் சொன்னேன். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கதை கேட்பதில் ஆசை, பேயில் நம்பிக்கையில்லை.

“பேயை விடும் தம்பி. ஆள் குறையக் குறைய ஆர் சுக்கான் பிடிச்சது?”

“கடைசியில கப்டன்தான் ஐயா. சில்லோட கையைக் கட்டிக்கொண்டு நிண்டபடியே செத்துப்போறார்.”

“அது சரி. பாயை என்ன செய்தவங்கள்?”

நான் புத்தகத்தை விரித்து அந்த இடத்தைத் தேடிச் சொன்னேன். பாயை இறக்கத் துணிவில்லை, இறக்கினால் திரும்ப ஏற்ற ஆளில்லை, காற்று தள்ளுகிற பக்கம் ஓடவேண்டியதுதான் என்று கப்டன் எழுதுகிறார். ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “தெரிஞ்சவன்தான் எழுதியிருக்கிறான்” என்றார்.

எனக்கு அந்த இடத்தில்தான் ஏதோ பிடிபட்டது. அந்த அத்தியாயத்தில் என்னை உலுக்கியது பல்லும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒன்பது பேர் செய்யவேண்டிய வேலையை ஒருவன் செய்யமுடியாமல் நிற்பதுதான். வேலை இன்னதென்று தெரிந்தால்தான் அது கைவிட்டுப் போவதும் தெரிகிறது. கொப்பியில் இதைப் பெட்டி போட்டு எழுதினேன். அதற்குப் பிறகு வாசித்ததையெல்லாம் இந்தத் தராசில்தான் போட்டேன், அது நியாயமோ இல்லையோ. (ஸ்டோக்கர் 1890இல் விட்பியில் தங்கியிருந்தார், அதற்கு ஐந்து வருடம் முன்னர் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் ஒன்று அங்கே கரைதட்டியிருந்தது. ஐயாவின் மூக்கு பிழைக்கவில்லை.)

பின்பாதி இழுவை. காட்டேரியைத் துரத்துகிற பேராசிரியர் வான் ஹெல்சிங் வாயைத் திறந்தால் இரண்டு பக்கம். ஆனால் கதாநாயகி மீனா ரயில் நேர அட்டவணைகளை மனப்பாடமாக வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. பேயைத் துரத்தவும் எத்தனை மணிக்கு வண்டி என்று தெரிந்திருக்கவேண்டும்தானே.

அடுத்தது கவலைக்குரிய கதை. தடித்த ஒரு ஃபேண்டஸித் தொடரின் முதலாம் பாகம், பெயர் வேண்டாம். முன்னால் வரைபடம், பின்னால் அருஞ்சொற்பொருள், நடுவில் எழுநூறு பக்கம். நூற்று நாற்பதில் மூடிவிட்டேன். கையை நீட்டினால் தீ வருகிறது, கையை மடக்கினால் அணைகிறது, யாருக்கும் களைப்பில்லை, பசியில்லை. நூற்று நாற்பது பக்கத்தில் ஒருவனாவது ஒரு வாளித் தண்ணீர் தூக்கவில்லை.

அந்தக் கசப்பை எர்த்சீ மந்திரவாதி என்ற நாவல் போக்கியது. அர்சுலா லெ குவின், 1968. மெல்லிய புத்தகம், ஆனால் என் ஆங்கிலத்துக்கு ஒரு இரவுக்குப் பத்துப் பக்கம்தான். உலகம் முழுக்கத் தீவுகள். கெட் என்ற பையன் தீவொன்றில் ஆடு மேய்த்தவன், செந்நிறம் கலந்த பழுப்புத் தோல்காரன், செருக்கில் ஒரு நிழலை அவிழ்த்துவிட்டுப் பிறகு அதற்குப் பயந்து ஓடுகிறான். மந்திரமென்றால் பொருளின் மெய்ப்பெயரைத் தெரிந்திருப்பது. அதற்கும் விலை உண்டு: ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு வரண்டுபோகலாம் என்று அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளியே அடைமழை, உள்ளே இதை வாசிக்கிறேன். எங்கள் மழை எந்தத் தீவுக்குச் சேரவேண்டியதோ.

அதில் ஒரு சின்ன இடம். கெட்டுக்கு ஒரு வள்ளம் வேண்டும். கண்ணில் புரை விழுந்த கிழட்டு மீனவர் ஒருவரிடம் ஓட்டை வள்ளம் ஒன்று இருக்கிறது. இவன் புரையை நீக்கிக் கொடுக்கிறான், அவர் வள்ளத்தைக் கொடுக்கிறார். கொடுக்கும்போது பெயரை மாற்றச் சொல்கிறார், தொலைநோக்கி என்ற பொருளில் ஒரு பெயர். அணியத்தின் இரண்டு பக்கமும் கண் வரையச் சொல்கிறார். என் நன்றி அந்தக் குருட்டு மரத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும், பாறையில் மோதாமல் காக்கும் என்பது அவர் சொல்வதன் சாரம். நான் அடுத்த நாள் கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பிள்ளையின் பெயர், சாமியின் பெயர், அந்தோனியார். கண் வைத்த வள்ளம் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் கேட்கிறது.

கார்த்திகை நடுவில் சித்திரக்கதைகள். வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது, மாமா விட்டுப்போன முத்து, லயன் காமிக்ஸ். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடுதான் சிவகாசியிலிருந்து தொடங்கியது. அந்த மாயாவி உண்மையில் லண்டன்காரன். 1962இல் வேலியண்ட் இதழில் வந்தவன், பெயர் லூயிஸ் கிராண்டெல், அற்புதமாக வரைந்தவர் ஸ்பானியரான ஜெசூஸ் பிளாஸ்கோ. ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சின்ன வயதில் இவனை நல்லவன் என்றுதான் நினைவு. முதல் கதையை இப்போது திருப்பிப் பார்த்தால் ஆள் சரியான வில்லன், நிழல்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்து திருந்துவதெல்லாம் பிறகுதான். கறுப்பு மையில் பிளாஸ்கோ போட்டிருக்கும் இருட்டுக்கு ஈடு இல்லை. பிளக்கில் விரலை வைத்தால்தான் இவனுக்குப் பிழைப்பு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் தெருவில் கரண்ட் போனது. மாரியில் திருகோணமலைக்கு வந்தால் மாயாவி வேலையில்லாமல்தான் இருப்பான்.

அந்தத் தகரம்தான் இந்த மாரியின் பெரிய சேதம். மூடியைச் சரியாக அழுத்தாமல் யன்னலுக்குக் கீழே வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மூன்று புத்தகம் ஊறிப் புட்டு மாதிரி. மலிவுத்தாள், வெயிலும் இல்லை. இரண்டு பக்கத்துக்கு ஒரு பழைய பேப்பர் வைத்து, காற்றாடிக்குக் கீழே விரித்து, பாதி காய்ந்ததும் அம்மாவின் தையல்மெஷினுக்கு அடியில் அழுத்தினேன். இரண்டு பிழைத்தது. ஒன்றின் கடைசி எட்டுப் பக்கம் ஒரே கட்டை. பிரிக்கப் போய் ஒரு முகம் முழுசாகக் கிழிந்தது. கௌபாய் டெக்ஸ் வில்லர் தப்பினார், குதிரை போய்விட்டது.

ஜுன்ஜி இட்டோவின் உசுமாக்கியைத் தந்தது அக்காவின் மகன். 1998, 99இல் வந்த மங்கா, அதாவது ஜப்பான் சித்திரக்கதை. முதல் நாள் ஒரு அத்தியாயம் முடித்துவிட்டு, இந்த ஜப்பான்காரன் நல்ல புதுமையாகக் கதை சொல்கிறான், முடிவை முதலே காட்டிவிடுகிறான் என்று அவனிடம் மெச்சினேன்.

“மாமா, நீங்கள் மறுபக்கத்தால வாசிக்கிறீங்கள்.”

வலமிருந்து இடம். திரும்பவும் தொடங்கினேன். கடலோரச் சிறு நகரம் ஒன்றைச் சுருள் வடிவம் பிடித்துக்கொள்கிறது. பேயில்லை, பிசாசில்லை, வெறும் ஒரு கோடு சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. ஒரு தகப்பன் சுருள் உள்ள பொருட்களையெல்லாம் சேர்த்து வைத்து, கடைசியில் தானே ஒரு மரத்தொட்டிக்குள் சுருண்டுகொள்கிறார். பக்கத்தைப் புரட்டினால் முழுப்படமாக அது வருகிறது, நான் புத்தகத்தை மூடிவிட்டு விறாந்தைக்குப் போய்விட்டேன். ஆட்கள் நத்தையாவது, வெளிச்சவீடு, புயல் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகிறது. மூன்றாம் பாகத்தில் எல்லாமே சுருளாகிவிட்டதால் எனக்குப் பயம் போய்விட்டது. நகரத்தில் யாரும் கடை திறப்பதில்லை, சமைப்பதில்லை. கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மருமகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பாகம்தான் உச்சம் என்கிறான். இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. எங்கள் சாமியறையில் ஒரு சங்கு இருக்கிறது. வலம்புரி இல்லை, சாதாரண இடம்புரிதான். அதன் முனையை நேரே பார்த்தபடி எத்தனை வருடம் கும்பிட்டிருக்கிறேன். உசுமாக்கி முடிந்த கிழமை அதை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். அம்மா நேராக்கினார். நான் திருப்பினேன். இருவரும் இதைப்பற்றிக் கதைக்கவில்லை.

மார்கழியில் எம். ஆர். ஜேம்ஸின் 1904 பேய்க்கதைத் தொகுப்பு. அதில் ஒரு பேராசிரியர் கடற்கரை இடிபாட்டில் பழைய ஊதுகுழல் ஒன்றைக் கண்டெடுக்கிறார். அதில் லத்தீனில் எழுத்து: வருகிற இவன் யார்? இதை வாசித்ததும் எனக்குக் கோட்டை வாசல் கல் நினைவுக்கு வந்தது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அதே கல்லால் கட்டிய கோட்டையில், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னர் பறங்கி பிரிப்பான் என்கிற பாட்டின் தேய்ந்த எழுத்து இருக்கிறது. பறங்கிக்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று அந்தப் பாட்டு அடுக்கிக்கொண்டே போகும். வருகிறவன் யார் என்ற கேள்வி எங்களுக்கு ஊதுகுழலில் வரவில்லை, வாசலிலேயே இருக்கிறது. மான்கள் அதைத் தாண்டி மேயப்போகின்றன.

பேராசிரியர் தங்கிய அறையில் இரண்டு கட்டில். அவர் படுப்பது ஒன்றில்தான். காலையில் மற்றதும் ஆள் படுத்த மாதிரிக் கலைந்து கிடக்கிறது என்று வேலைக்காரி சொல்கிறாள். அவ்வளவுதான். விரிப்பு தட்டிப் போடுகிறவளின் வாயிலிருந்து வருவதால்தான் அந்த வரி நெஞ்சுக்குள் போகிறது. என் அறையிலும் இரண்டு கட்டில். அண்ணன் கனடா போய்ப் பதினொரு வருடம், அம்மா இன்னமும் மாதம் ஒருதரம் அவர் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவார். அன்றிரவு எழும்பி அந்த விரிப்பை உருவி நாலாக மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் அம்மா கேட்டதற்கு ஊத்தை என்று சொன்னேன். புதிது விரித்துவிட்டார்.

இந்த வரிசையில் புதுமைப்பித்தனின் காஞ்சனையையும் சேர்க்கத்தான் வேண்டும். 1943இல் வந்த கதை, முன்னமே வாசித்ததுதான். இந்த முறை பார்த்தால் அதுவும் வீட்டுவேலைக்கு ஒரு பிச்சைக்காரியைச் சேர்ப்பதில்தான் தொடங்குகிறது. மனைவி ஆசையாகச் சேர்க்கிறாள், தூக்கம் வராத கணவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். உண்டா இல்லையா என்று கடைசிவரை சொல்லாமல் விடுவதில் ஜேம்ஸைவிட இவர் கெட்டிக்காரர். ஜேம்ஸ் கடைசியில் விரிப்புக்கு முகம் வைத்துக் காட்டிவிடுகிறார்.

கொப்பியில் முப்பத்தொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. டிராகுலா இப்போது என்னிடம் இல்லை. ஏழாம் அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஐயா வாங்கிப்போனார், பூதக்கண்ணாடி வைத்து முதலிலிருந்து வாசிக்கிறாராம். கொப்பியையும் ஒருநாள் கேட்டார். திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பாய்க்கப்பல், இரண்டு பாய்மரம், கயிறெல்லாம் இலக்கம் போட்டு. ஒருவன் தனியாக எந்தப் பாயை அறுத்து விடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்.