கோல்புரூக்டேலில் மூன்று கால் பானைகளைத் தேடி

இங்கிலாந்தின் டெல்ஃபோர்ட் நகரை ஒட்டிய கோல்புரூக்டேலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய ஊது உலையைப் பார்க்கவே வருகிறார்கள். 1709-இல் ஏப்ரகாம் டார்பி மரக்கரியை விட்டுக் கல்கரியால் (நிலக்கரியைச் சுட்டுப் பெறும் எரிபொருள்) இரும்பு உருக்கிய உலை அது. பேரன் 1777-இல் அதைப் பெரிதாக்கியபோது பொறித்த பெயர் இரும்பு உத்தரத்தில் இன்னும் தெரிகிறது. என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை அருங்காட்சியகத்தில் உள்ள மூன்று கால் பானைகள்.

கல்கரிக்கும் 2 ஆண்டுகள் முன்பே, 1707-இல், டார்பி பெற்ற காப்புரிமை இப்படிப்பட்ட பானைகளுக்கானதுதான். அதற்கு முன் வயிறு புடைத்த பானைக்குக் களிமண் குழைத்து அச்சு கட்டி, உலர்த்தி, சுட வேண்டும். ஒரு வார்ப்போடு அச்சு உடையும். அடுத்த பானைக்கு மறுபடியும் முதலிலிருந்து. டார்பி களிமண்ணை விட்டு மணலை மட்டும் எடுத்துக்கொண்டார். பானையின் மாதிரியைச் சுற்றிப் பெட்டியில் ஈரமணலை இடித்து இறுக்கினால் அச்சு தயார். ஆனால் நடுவயிறு பெருத்திருப்பதால் மாதிரியை ஒரே பக்கமாக உருவ முடியாது, மணல் பெயர்ந்துவிடும். ஆகவே மாதிரியையும் பெட்டியையும் பிரித்துக் கழற்றும்படி செய்ய வேண்டும். இத்தகைய பழைய பானைகளின் பக்கவாட்டில் மெல்லிய தழும்பு ஓடினால் அது அந்தப் பிரிவின் தடம். கல்கரி இரும்பு மெல்லிய இடுக்குகளிலும் ஓடிப் புகும் என்பதால் சுவரும் மெலிந்தது, விலையும் குறைந்தது. கல்கரிக்குக் கிடைத்த புகழில் பாதியாவது மணலுக்குச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மணல் அச்சும் வார்ப்போடு கலைந்துவிடும். மிஞ்சுவது மாதிரி ஒன்றுதான். அப்படியானால் வார்ப்பாலையின் உண்மையான சொத்து மாதிரிகள் அடுக்கிய அறைதான். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அந்த அளவைக் கூட்டித்தான் தச்சர் மாதிரிக்கான மரத்தைச் செதுக்குகிறார். அந்த மரம் ஈரத்தில் ஊதினாலும் வெப்பத்தில் வெடித்தாலும் அவர் கணக்கு வீண். அதனால் அரக்கு வார்னிஷ் பூச வேண்டும். உலையிலிருந்து விலகிய உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வார்ப்பின் உட்குழிவை உண்டாக்கும் மணல் கருவைச் செய்யும் பெட்டியையும் கழற்றிய துண்டுகளையும் ஒரே எண்ணிட்டுச் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு துண்டு தொலைந்தால் முழு மாதிரியும் பயனற்றது. தீ பிடித்தால் பல ஆண்டுகளின் தச்சு வேலை ஓர் இரவில் போய்விடும்.

பிறகு செவர்ன் ஆற்றின் மேலுள்ள இரும்புப் பாலத்துக்குப் போனேன். 1779-இல் எழுப்பப்பட்டது, ஏறக்குறைய 1,700 துண்டுகள். ஒன்றுபோலத் தோன்றும் துண்டுகள்கூட இடத்துக்கு இடம் சில சென்டிமீட்டர் வேறுபடுகின்றன. பக்கத்துத் துண்டோடு பொருந்தும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியே வார்த்திருக்கிறார்கள். பானையை நூற்றுக்கணக்கில் ஒரே அச்சாகப் பெருக்கிய அதே பள்ளத்தாக்கு, 70 ஆண்டுகளுக்குப் பிறகும் பாலத்தைத் துண்டு துண்டாகப் பொருத்தித்தான் கட்டியது. போகிறவர்கள் பாலத்தின் மேல் நடப்பதோடு நிறுத்தாமல், கரையில் இறங்கி அடியிலிருந்து அந்த இணைப்புகளைப் பாருங்கள்.