வார்னிஷ் போன கம்பி

மே 6, 2024

திருவனந்தபுரம். தங்கச்சிக்கு இன்று மூன்றாவது ஸ்டீராய்டு டிரிப், நாளுக்கு 1 கிராம் வீதம் ஐந்து நாள். இடது கண் மங்கி, கண்ணை அசைத்தாலே வலி என்றதால் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கூட்டிவந்தோம். எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் என்றார்கள். "வலது கண்ணுக்குச் செக்கச்செவேல்னு இருக்கிற போர்வை இடது கண்ணுக்கு வெளுத்துத் தெரியுதுண்ணே" என்கிறாள்.

மே 7

டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில், பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். உடம்பைக் காக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களே ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்து, நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. மோட்டார் காயில் கட்டுகிறவன் நான், "வார்னிஷ் போன கம்பி மாதிரியா?" என்றேன். "பாதி சரி. செம்புக் கம்பிக்கு உயிர் இல்லையே" என்றார்.

அந்த மீதிப் பாதிதான் ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. உறை போன இழைக்குள் சோடியம் கூடுதலாக ஏறும், அதை வெளியே தள்ளும் பம்புக்கு நிறையச் சக்தி வேண்டும், சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவையோ அழற்சியில் கிளம்பும் நைட்ரிக் ஆக்சைடு முடக்கிவிடுகிறது. சோடியம் தேங்கினால் பின்னாலேயே கால்சியமும் ஏறும், அப்புறம் நொதிகள் இழையின் உள்சட்டகத்தையே அரிக்கும், இழை அறுந்துபோகும். 1998-லேயே, இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்து, அழற்சி மும்முரமாக இருந்த இடங்களில் இழைகள் அறுந்து கிடந்ததைக் காட்டியிருக்கிறார்கள். நோய் வந்து சில வாரங்களே ஆனவரிடமும்.

மே 21

வீட்டுக்கு வந்தாயிற்று. உச்சி வெயிலில் கடைத்தெரு போய்வந்தவளுக்குக் கண் மறுபடி மங்கியது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனில் டாக்டரம்மாவிடம் கேட்டால், உடம்புச் சூடு ஏறினால் உறை கெட்ட நரம்பில் செய்தி தடைபடுமாம், புதுச் சேதம் இல்லையாம். உடம்பை வருத்தினால் இப்படிப் பார்வை கொஞ்ச நேரம் மங்குவதை ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதிவைத்திருக்கிறார். ஈரத்துண்டைப் போர்த்தி ஃபேனடியில் உட்காரவைத்தோம். அரைமணியில் தெளிந்தது.

ஜூன் 16

சாரல் பிடித்துவிட்டது. சித்தப்பா வந்து, "பிள்ளைக்குத்தான் நல்லாயிட்டே, இன்னும் மருந்து எதுக்குடே?" என்றார். வீக்கம் வடிந்ததால் பார்வை திரும்பியிருக்கிறது சித்தப்பா, அறுந்த இழை திரும்பாது, வெளியே ஒன்றும் தெரியாமலே ஸ்கேனில் புதுத் தழும்பு விழலாம், அதைத் தடுக்கத்தான் மருந்து என்று உட்காரவைத்துச் சொன்னேன். இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாயங்காலம் கொல்லையில் ஒரு செம்பருத்தி பறித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறதாம். நாளை மறுநாள் காலை, மறுபடி திருவனந்தபுரம் போகப் புனலூர் பஸ்.