“எவ்வளவு ஆகும், தம்பி?”

அந்தக் கேள்விக்கான தொகை எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன.

டிராக்டர் ஆலையைச் சுற்றிக் காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. கல்லூரி மாணவர்கள் வருவார்கள், வங்கி அதிகாரிகள் வருவார்கள், டீலர்கள் பஸ் வைத்து விவசாயிகளை அழைத்து வருவார்கள். விவசாயிகள் வரும் நாள்தான் எனக்குப் பிடிக்கும். மாணவர்களின் கண் ரோபோ கையின் மேல் இருக்கும். இவர்கள் போல்ட்டைப் பார்ப்பார்கள். லாரிக்கு இருப்பதுபோல் டிராக்டருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது, எஞ்சினையும் கிளட்ச் உறையையும் கியர் பாக்ஸையும் பின் அச்சையும் ஒன்றோடொன்று முடுக்கினால் அதுவே முதுகெலும்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார்கள். கிளட்ச் தட்டு மாற்ற வண்டியை இரண்டாகப் பிரித்துப் போட்டதை ஊர் மெக்கானிக்கின் கொட்டகையில் நின்று பார்த்தவர்கள் அவர்கள். போல்ட் சரியான அளவுக்கு இறுகியதைச் சொல்லும் டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்று ஒலித்ததும் தொழிலாளி அந்த போல்ட்டின் தலையில் மஞ்சள் பொட்டு வைப்பார். அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்க்காத விவசாயியை நான் கண்டதில்லை.

அன்று வந்தவர்கள் திருவாரூர்ப் பக்கத்துக்காரர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர் அறுபதைக் கடந்தவர். தொங்கும் துணி கூடாது என்று வாசலில் சொன்னதால் தோள் துண்டை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். லைனின் கடைசியில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் இருக்கைக்குப் பின்னால் கனமான இரும்பு வளைவு, இருக்கையில் சீட் பெல்ட். மற்றதில் இரண்டுமே இல்லை. அவர் அந்த வளைவைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“இது எதற்குத் தம்பி?”

“வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் மேல் விழாமல் தாங்கும், ஐயா. இது ஏற்றுமதிக்குப் போகிற வண்டி. அந்த நாட்டுச் சட்டம்.”

“அங்கேதான் வண்டி கவிழுமா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தென்னந்தோப்பு, தாழ்ந்த கிளை, மட்டையில் வளைவு தட்டும், அதனால் இங்கே வைப்பதில்லை என்று ஏதோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்களுடையது நஞ்சை. வேண்டுமென்றால் போட்டுத் தருவீர்களா?” என்றார்.

“விலை கூடும், ஐயா.”

“எவ்வளவு ஆகும், தம்பி?”

“பெயிண்ட் ஷாப்பில் சாப்பாட்டுக்கு நிறுத்திவிடுவார்கள். அதைப் பார்த்துவிடலாம், வாருங்கள்.”

அவ்வளவுதான். அவர் வந்தார். பெயிண்ட் ஷாப்பையும் பார்த்தார்.

சொல்லக் கூடாது என்று எவரும் எனக்கு உத்தரவிட்டதில்லை. சுற்றிக் காட்டும்போது விலை பேசுவதில்லை என்பது பழக்கம். அதற்கு நியாயமும் உண்டு. ஊருக்கு ஊர் டீலர் விலை மாறும், நான் ஒன்று சொல்லி அங்கே வேறாக இருந்தால் சண்டை வரும். இந்த நியாயத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் “டீலரிடம் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள்” என்றாவது சொல்லியிருக்கலாம். வண்டி விலையில் அது எவ்வளவு சிறிய பங்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பேச்சை மாற்றினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

நஞ்சையில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். சேற்றில் பின் சக்கரம் புதைந்துவிட்டால், சக்கரத்தின் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி கிளட்சைச் சட்டென்று விடுவார்கள். சக்கரம் சுழல வழியில்லாதபோது, பின் அச்சைச் சுற்றி வண்டியின் உடல் சுழலும். முன்பக்கம் எழும்பும். முக்கால் விநாடியில் அது மீள முடியாத கோணத்தைத் தாண்டிவிடும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சுவீடனில் புதிய டிராக்டர்களுக்கு இந்த வளைவுப் பாதுகாப்பு 1959 முதலே கட்டாயம். அமெரிக்காவில் 1976-இல் தொழிலாளர் பாதுகாப்பு விதியாக வந்தது. எங்கள் வளாகத்திலேயே பக்கத்துக் கொட்டகையில், ஊரில் எல்லோரும் ஜேசிபி என்று பொதுப்பெயரால் அழைக்கும் மண் தோண்டும் வண்டி தயாராகிறது. அது உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காதபடி அதன் கேபின் கட்டப்படுகிறது. இந்தியாவில் விற்பதற்கும் அதே கேபின்தான். வாய்க்கால் வெட்டுகிறவருக்கு உண்டு, அந்த வாய்க்காலின் தண்ணீரில் உழுகிறவருக்கு இல்லை.

மறுபக்கமும் பொய்யில்லை. சீட் பெல்ட் போடாமல் வளைவு மட்டும் இருந்தால் முழுப் பயனில்லை. கவிழும்போது ஆள் வெளியே எறியப்பட்டு அந்த வளைவுக்கு அடியிலேயே சிக்கலாம். நம் ஊரில் டிராக்டரில் யார் பெல்ட் போடுகிறார்கள்? மட்கார்டின் மேல் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அவர்களை எந்த வளைவும் காக்காது. தோப்புக்காரர்கள் வளைவைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் சாத்திவிடுவார்கள் என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். மடக்கி வைக்கும் வகையும் உண்டே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

இவையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொல்லியிருக்க வேண்டியவை. சொல்லியிருந்தால் அவரே முடிவு செய்திருப்பார்.

புறப்படும்போது கருத்துப் படிவம் கொடுத்தோம். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று என்னிடமே நீட்டினார். “நன்றாகக் காட்டினீர்கள் தம்பி, அப்படியே எழுதிவிடுங்கள்.” ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னதைத்தான் எழுதினேன். கீழே ‘ஆலோசனைகள்’ என்று மூன்று கோடுகள் இருந்தன. அவற்றை வெறுமையாக விட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு கூட்டம். உள்நாட்டு வண்டிகளுக்கும் வளைவு வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர், “இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை” என்றார். நல்ல மனிதர், தெரிந்து பொய் சொல்கிறவர் அல்லர். அவரிடம் இருந்த படிவங்கள் அப்படித்தான் சொல்லியிருக்கும். அன்று கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். அந்த வாக்கியத்தையும் எழுதினேன். ஒருவர் கேட்டார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரே ஒருவர் கேட்டதை எண்ணிக்கையாக வைத்து என்ன வாதாடுவது என்று தோன்றியது. மற்ற ஆலைகளிலும் என்னைப்போல் ஒருவர் நின்று, பெயிண்ட் ஷாப்புக்கு நேரமாகிறது என்று சொல்லியிருப்பாரோ என்ற எண்ணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுந்தது.

இப்போதும் சுற்றிக் காட்டுகிறேன். அந்த இரண்டு வண்டிகளுக்கும் இடையே ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கிறேன். யாராவது கேட்டால் தொகையோடு சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கேட்காமல் நானாகச் சொல்வது விற்பனைப் பேச்சாகிவிடுமே என்று தயங்குகிறேன். அந்தத் தயக்கம் சரியா என்று தெரியவில்லை.

சென்ற மாதம் ஐடிஐ மாணவி ஒருத்தி வளைவைத் தொட்டு, “இது கூரை போடுவதற்கா, சார்?” என்றாள். பத்து நிமிடம் பேசினேன். மரக்கட்டை, முக்கால் விநாடி, 1959, பெல்ட், கடைசியில் தொகை. எல்லாவற்றையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் நிலம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.