உலாவிக்கு எது, சர்வருக்கு எது: ஒரு பலகாரக் கடைப் பக்கத்தைச் சீரமைத்த அனுபவம்

சிங்கப்பூரின் தேக்காவில் பலகாரக் கடை நடத்தும் ஓர் அக்காவின் இணைய ஆர்டர் பக்கத்தைத் தீபாவளிக்கு முன்பாகச் சீரமைத்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. அவருடைய புகார் சுருக்கமானது. “தம்பி, முறுக்கு பாக்கெட்டின் எண்ணிக்கையை மாற்றினால் பக்கம் வெள்ளையாகி மேலே ஏறிவிடுகிறது. பாதியிலேயே விட்டுவிட்டு எல்லோரும் எனக்கே போன் செய்கிறார்கள்.”

பக்கம் ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதப்பட்டது; இணையப் பக்கங்களைக் கட்ட மைக்ரோசாஃப்ட் 2002இல் வெளியிட்ட தொழில்நுட்பம். வாடிக்கையாளரின் உலாவியில் நடக்கும் சொடுக்கையும் தேர்வையும், பக்கத்தை அனுப்பும் கணினியான சர்வரில் எழுதிய நிரலே நேரடியாகக் கேட்டுக்கொள்வதுபோல ஒரு வசதியை அது தந்தது. எண்ணிக்கைப் பெட்டியில் ஆட்டோபோஸ்ட்பேக் என்ற பண்பை இயக்கிவிட்டால் போதும், மதிப்பு மாறியவுடன் படிவம் முழுவதும் சர்வருக்குப் போகும். அங்கே பக்கம் முதலிலிருந்து கட்டப்பட்டு, மாற்றத்துக்கான நிரல் ஓடி, புதிய பக்கம் திரும்பி வரும். முன்பு பக்கம் எந்த நிலையில் இருந்தது என்ற விவரம் வியூஸ்டேட் என்ற மறைபுலத்தில் (படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத பெட்டியில்) போகவும் வரவும் பயணம் செய்யும். அலுவலக மேசையில் உட்கார்ந்து சோதிக்கும்போது இதன் சுமை தெரியாது. பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு, ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் கைப்பேசியுமாக ஆர்டர் செய்பவருக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் எல்லா எண்ணிக்கைப் பெட்டியிலும் ஆட்டோபோஸ்ட்பேக் இயங்கிக்கொண்டிருந்தது.

அப்டேட்பேனலுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்றார் உடன் வேலை செய்யும் நண்பர். 2007இல் ஏஎஸ்பி.நெட் ஏஜாக்ஸுடன் வந்த அந்தக் கருவி பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும். பக்கம் வெள்ளையாவது நிற்கும். ஆனால் சர்வரில் பக்கத்தின் வாழ்க்கைச் சுழற்சி முழுதாகவே ஓடும், வியூஸ்டேட்டும் முழுதாகவே பயணம் செய்யும். நோய் அப்படியே இருக்க, வலி மட்டும் மறையும். அந்தப் பகுதிக்குள் இருக்கும் பொத்தான்களை ஒவ்வொரு முறையும் அது புதிதாக மாற்றி வைப்பதால், பக்கம் திறந்தபோது உலாவியில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நேரடியாகக் கட்டிய சொடுக்கு நிரல்கள் முதல் புதுப்பிப்பிலேயே அறுந்துபோகும். சொடுக்கு போன்ற நிகழ்வு உள்ளிருந்து வெளிநோக்கி மேலேறிச் செல்லும் இயல்புடையது என்பதால், பேனலுக்கு வெளியே உள்ள பெரிய பெட்டியில் நிகழ்வைக் கவனிக்கும் கேட்பானை வைத்தால் அந்தச் சிக்கல் தீரும். இருந்தாலும் அந்த வழியில் முழுதாகப் போக எனக்கு மனமில்லை.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிகழ்வையும் எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டேன்: இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? வாடிக்கையாளரின் திரைக்குள்ளேயே விடை இருந்தால் அது உலாவியின் வேலை. கடையின் இருப்பு, விலை, பணம் என்று கடை மட்டுமே உறுதி சொல்லக்கூடியதாக இருந்தால் அது சர்வரின் வேலை. எந்தப் பக்கம் எழுத எளிது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நடந்த அத்தனை குழப்பத்துக்கும் வேர் அந்த எளிமைதான் என்று இன்றும் நம்புகிறேன்.

எண்ணிக்கைப் பெட்டிகளில் ஆட்டோபோஸ்ட்பேக்கை நிறுத்தினேன். பெட்டியின் மதிப்பு மாறினால் ஓடுவதற்காகச் சர்வரில் இருந்த டெக்ஸ்ட்சேஞ்ட் நிரலைத் தொடவே இல்லை, தொடத் தேவையும் இல்லை. ஆட்டோபோஸ்ட்பேக் இல்லாதபோது மாற்ற நிகழ்வுகள் தொலைந்துபோவதில்லை. அடுத்து எப்போது படிவம் அனுப்பப்படுகிறதோ அப்போது வரை காத்திருக்கின்றன. ஆர்டர் பொத்தானை அழுத்தியவுடன் முதலில் மாற்ற நிகழ்வுகள் எல்லாம் ஓடும், அவற்றுக்குப் பிறகே பொத்தானின் சொடுக்கு நிகழ்வு ஓடும். இந்த வரிசை மிக அழகானது. பழைய நிரலைக் குப்பையில் போடாமலே பக்கத்தின் வேகத்தை மாற்றிவிடலாம்.

இடையில் வாடிக்கையாளர் மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டும் அல்லவா? அதைச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் கணக்கிட்டு ஒரு லேபிளில் காட்டுகிறது. லேபிள் படிவத்துடன் சர்வருக்குப் போவதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். திரையில் என்ன எழுதினாலும் சர்வருக்கு அது தெரியாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதுகாப்பு.

ஏனென்றால் இதே பக்கத்தின் நிறுவன ஆர்டர் பகுதியை வேறொருவர் பின்னாளில் நேர் எதிராக எழுதியிருந்தார். அங்கே எல்லாமே உலாவியில். விலைப்பட்டியல் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் இருந்தது. மொத்தம் ஒரு மறைபுலத்தில் சர்வருக்குப் போனது. சர்வர் அதை அப்படியே ரசீதாக்கியது. உலாவியின் மேம்பாட்டுக் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் இருநூறு வெள்ளி ஆர்டரை இரண்டு வெள்ளிக்கு அனுப்பியிருக்கலாம். கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1இல் 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. அதையொட்டி ஒரு கடை விலையை மாற்றினாலும், வாடிக்கையாளரின் உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்பு பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கும். உலாவி காட்டலாம், தீர்மானிப்பது சர்வராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு இடத்திலும் கணக்கிட்டால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் கண்ணில் பட்டது. 212.50 வெள்ளி ஆர்டருக்கு 5 விழுக்காடு தள்ளுபடி என்றால் 1062.5 காசு. பின்னத்தை முழு எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரவுண்ட் அதை 1063 ஆக்குகிறது. சர்வர் நிரலின் மொழியான சி ஷார்ப்பின் மேத்.ரவுண்ட், வேறு எதுவும் சொல்லாவிட்டால், சரிபாதியை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு நகர்த்துவதால் 1062 என்கிறது. ஒரு காசு வித்தியாசம்தான். ஆனால் திரையில் ஒன்று, ரசீதில் ஒன்று என்றால் வாடிக்கையாளர் கடையைத்தான் சந்தேகிப்பார். சர்வரில் பூஜ்யத்திலிருந்து விலகி முழுமையாக்கும்படி வெளிப்படையாக எழுதிய பிறகு இரண்டும் சேர்ந்தன.

அஞ்சல் குறியீட்டுப் பெட்டி இரு பக்கத்துக்கும் உரியது. 1995 முதல் சிங்கப்பூரில் அது ஆறு இலக்கம். ஆறும் எண்தானா என்பதை உலாவி உடனே சொல்லிவிடும். எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் என்பதைச் சர்வர் தேடித் தரும். ஆறாவது இலக்கம் விழும்வரை சர்வரைத் தொந்தரவு செய்வதில்லை.

விநியோக நேரத்துக்கு மட்டும் அப்டேட்பேனலை வைத்துக்கொண்டேன். தேதியைத் தேர்ந்தெடுத்தால் மிச்சமிருக்கும் நேரங்கள் சர்வரிலிருந்து வர வேண்டும். சமையலறையின் கொள்ளளவு உலாவிக்குத் தெரியாது. நேரங்களை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு பட்டியலில் சேர்த்தால், தான் தராத மதிப்பு திரும்பி வருகிறதே என்று வெப் ஃபார்ம்ஸின் நிகழ்வுச் சரிபார்ப்பு அதை நிராகரித்துவிடும். அந்தக் காவலை அணைத்துவிடும்படி அறிவுரை சொல்பவர்கள் உண்டு. நான் அணைக்கவில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

அதிக நேரம் எடுத்தது கடைசிப் பொத்தான். பொறுமையிழந்து இரண்டு முறை தட்டினால் இரண்டு ஆர்டர் பதிவானது. அழுத்தியவுடன் உலாவியிலேயே பொத்தானை முடக்கலாம் என்றால், முடக்கப்பட்ட பொத்தானின் பெயர் படிவத்துடன் போகாது; எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று தெரியாமல் சர்வரின் சொடுக்கு நிரல் ஓடாமலே போகும். யூஸ்சப்மிட்பிஹேவியர் என்ற பண்பைப் பொய் என்று வைத்தால், பொத்தானின் பெயர் தனி மறைபுலத்தில் போகிறது. முடக்கிய பிறகும் நிகழ்வு சரியாகப் போய்ச் சேருகிறது. ஆனாலும் இணைப்பு அறுந்து, அவர் பக்கத்தைப் புதுப்பித்து மீண்டும் அனுப்பினால் உலாவியால் தடுக்க முடியாது. அதற்காகப் பக்கம் முதலில் திறக்கும்போதே சர்வர் ஒரு தனி அடையாளத்தைத் தருகிறது. தரவுத்தளத்தில் அந்த அடையாளம் இரண்டாம் முறை பதிவாக முடியாது. அதே அடையாளத்துடன் மறுபடி ஓர் ஆர்டர் வந்தால், புதிதாக எதையும் எழுதாமல் முதல் ரசீதையே சர்வர் திரும்பக் காட்டுகிறது.