மிச்சம் இருக்கும் பத்து

நவம்பர் 8, 2024

வகுப்பில் எறிபொருள் இயக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படியோ ஏவுகணைப் பக்கம் போய்விட்டது. வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு மாணவி மட்டும் நின்றாள். "தாக்குறது தப்பு, சரி. தடுக்கிறதுல என்ன சார் தப்பு? ஒரு நாடு கேடயம் வெச்சிருந்தா பக்கத்து நாடு எதுக்குப் பயப்படணும்?"

உடனே ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. சில நாள் டைம் கொடு என்றேன். அதற்காகப் படிப்பதையெல்லாம் தேதி போட்டு இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 9

முதலில் எனக்கே ஒன்று தெளிவாக வேண்டியிருந்தது. ஏவுகணைத் தடுப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே பொருள் அல்ல. 2011இல் பணிக்கு வந்த இஸ்ரேலின் அயர்ன் டோம், குறுகிய தூர ராக்கெட்டுகளுக்கானது. வரும் ராக்கெட் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, வெற்றுநிலத்தில் விழுமென்றால் அப்படியே விட்டுவிடும். அதே நாட்டின் ஏரோ-3 காற்று மண்டலத்துக்கு வெளியே போய் மோதும். அமெரிக்காவின் தாட் அமைப்பில், குறுக்கே போய்த் தடுக்கும் இடைமறிப்பு ஏவுகணையில் வெடிமருந்தே கிடையாது. நேரே போய் இடித்து, அந்த வேகத்திலேயே நொறுக்கிவிடும்.

இந்த ஆண்டு ஏப்ரல் 13 இரவு ஈரான் இஸ்ரேலை நோக்கி 300க்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் அனுப்பியது. ட்ரோன்கள் வந்து சேரப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜோர்டான் எல்லாம் கை கொடுக்க, பெரும்பாலானவை வழியிலேயே விழுந்தன. அக்டோபர் 1 அன்று கதை வேறு. ஈரான் அனுப்பியது கிட்டத்தட்ட 200 பாலிஸ்டிக் ஏவுகணைகள் (உயரே ஏறி, வளைந்து வேகமாக வந்து விழுபவை), ட்ரோன் ஒன்றுகூட இல்லை, கிடைத்த அவகாசம் சில நிமிடங்கள். இஸ்ரேலின் நெவாடிம் விமானத் தளத்தில் பல ஏவுகணைகள் விழுந்த தடம் செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது.

அப்புறம் அதே மாதம் அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஒரு தாட் அமைப்பை அனுப்பியது, இயக்குவதற்குச் சுமார் 100 வீரர்களோடு. கேடயத்தை இரவல் கொடுத்தவர் அதோடு தன் ஆட்களையும் அங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. அவர்கள் மேல் ஒரு குண்டு விழுந்தால் அது யாருடைய போர்? இதை யோசித்தபடியே இன்று படுக்கப் போகிறேன்.

நவம்பர் 11

மாணவியின் கேள்விக்குப் பதில் 1967இல் நடந்த ஒரு சந்திப்பில் கிடைத்தது.

அந்த ஜூன் மாதம் நியூஜெர்சியில் உள்ள கிளாஸ்பரோ என்ற சிற்றூரில் அமெரிக்க அதிபர் ஜான்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் சந்தித்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, ஏவுகணைத் தடுப்புக்கு இரு தரப்பும் வரம்பு கட்ட வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். கோசிகினுக்குக் கோபம் வந்துவிட்டது. தற்காப்பு நியாயமானது, தாக்குவதுதான் அநியாயம் என்ற பொருளில் பதில் சொன்னார். என் மாணவி கேட்டது அதேதான்! வல்லரசின் பிரதமருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

மெக்னமாராவின் வாதத்தை எனக்குப் புரிகிற மாதிரி தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாடுகள், ஆளுக்கு 100 அணு ஏவுகணைகள். ஒரு நாட்டிடம் இருபதைத் தடுக்கும் கேடயம் இருக்கிறது. 100 ஏவுகணை வந்தால் அந்தக் கேடயத்தால் எந்தப் பயனும் இல்லை. 80 வந்து விழும், நாடே மிஞ்சாது. ஆனால் அந்த நாடே முந்திக்கொண்டு அடித்தால்? எதிரியின் நூறில் 90 தரையிலேயே அழிகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிலடிக்கு மிச்சம் இருப்பது பத்து. அந்தப் பத்தை இருபதைத் தடுக்கும் கேடயம் தாராளமாகப் பிடித்துவிடும்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் அடி வாங்குகிறவருக்கு உதவாத கேடயம் முதலில் அடிக்கிறவருக்கு உதவுகிறது. பக்கத்து நாட்டின் பயம் இங்கிருந்துதான் வருகிறது. அது செய்யக்கூடியது இரண்டே: நூறை இருநூறாக்குவது, அல்லது தன் ஏவுகணைகள் அழிவதற்கு முன்பே ஏவிவிடத் தயாராக விரலை பொத்தானிலேயே வைத்திருப்பது. இரண்டாவது எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது.

1972 மே 26 அன்று மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்ஸனும் சோவியத் தலைவர் பிரெஷ்நெவும் போட்ட ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்துக்கு அடிப்படை இந்தக் கணக்குதான். ஆளுக்கு இரண்டே இடம், இடத்துக்கு அதிகபட்சம் 100 இடைமறிப்பு ஏவுகணைகள். 1974இல் அதையும் ஒரே இடமாகக் குறைத்தார்கள். உன்னை நான் அடித்தால் நீ திருப்பி அடிக்க முடியும் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். 2002 ஜூனில் அமெரிக்கா அதிலிருந்து வெளியேறியது.

நவம்பர் 14

நேற்று போலந்தின் ரெட்ஸிகோவோவில் அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்புத் தளத்தை முறைப்படி திறந்திருக்கிறார்கள். ருமேனியாவின் டெவெசெலு தளம் 2016லிருந்தே இயங்குகிறது. இவை ஈரான் போன்ற நாடுகளின் ஏவுகணைகளுக்காகத்தான், ரஷ்யாவுக்கு எதிரானவை அல்ல என்பதே தொடக்கத்திலிருந்து சொல்லப்படுவது. ரஷ்யா அதை ஏற்றதே இல்லை. தன் எல்லையை நோக்கி அமெரிக்க ராணுவம் இன்னும் ஒரு அடி வைத்திருக்கிறது என்று இப்போதும் சொல்கிறது.

யார் சொல்வது உண்மை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மாஸ்கோவில் உட்கார்ந்திருக்கும் தளபதி, எதிர்த் தரப்பின் வாக்குறுதியை வைத்தா திட்டம் போடுவார்? இன்று பத்து இருக்கும் இடத்தில் நாளை நூறு வரலாம் என்று வைத்துத்தான் போடுவார்.

நவம்பர் 17

இன்று முழுக்க ஒரே ஒரு எண்: 0.34 நொடி.

1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதியின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை நோக்கி ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை வந்தது. அங்கிருந்த பேட்ரியாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பு சுடவே இல்லை. அதன் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டே போகும். 0.1 என்ற எண்ணை, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் எழுதினால் முடிவே இல்லாமல் நீளும். 24 இலக்கத்தில் வெட்டிவிட்டார்கள். வெட்டியதில் போனது ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அந்த அமைப்பு 100 மணி நேரமாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 36 லட்சம் முறை எண்ணியதில் கடிகாரம் 0.34 நொடி பிசகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ரேடார் ஆகாயத்தில் தப்பான இடத்தைப் பார்த்தது. அங்கே எதுவும் இல்லை. அதனால் எதுவும் வரவில்லை என்று முடிவு கட்டிவிட்டது.

28 பேர் இறந்தார்கள். அவர்களில் 13 பேர் குடிநீரைச் சுத்திகரிக்கும் பிரிவைச் சேர்ந்தவர்கள், சவூதிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள்.

பிழை முன்பே தெரிந்திருந்தது. அமைப்பை நிறுத்தி மறுபடி இயக்கினாலே கடிகாரம் சரியாகிவிடும், ஓரிரு நிமிட வேலை. அதிக நேரம் ஓட்டாதீர்கள் என்றுதான் தகவல் போயிருந்தது. எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள். இந்தச் சொல்லைத் தாண்டி இன்று என்னால் படிக்க முடியவில்லை.

நவம்பர் 20

அமெரிக்கா, ரஷ்யாவை விட்டுப் பிற இடங்களைப் பார்த்தேன். அங்கும் அதே கணக்கு ஓடுகிறது.

இந்தியா 2006 நவம்பரில், வரும் ஏவுகணையை வெகு உயரத்தில் தடுக்கும் முதல் சோதனையை நடத்தியது. 2018இல் ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 என்ற வான் தடுப்பு அமைப்பின் ஐந்து தொகுதிகளை வாங்க 500 கோடி டாலருக்கு மேல் மதிப்பில் ஒப்பந்தம் போட்டது. நடுவில், 2017 ஜனவரியில், பாகிஸ்தான் அபாபீல் என்ற ஏவுகணையைச் சோதித்தது. ஒரே ஏவுகணை, பல போர்முனைகள், அதாவது குண்டு தாங்கிய தலைகள். ஏன் என்று கேட்டபோது, இந்தப் பகுதியில் வளர்ந்துவரும் ஏவுகணைத் தடுப்புதான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னது. இந்த ஆண்டு மார்ச் 11 அன்று இந்தியாவும் பல போர்முனைகளோடு அக்னி-5ஐச் சோதித்துவிட்டது. அதற்குச் சீனாவும் ஒரு காரணம். கேடயத்துக்குப் பதில் இன்னொரு கேடயம் வருவதில்லை, கூடுதல் அம்புகள்தான் வருகின்றன.

கொரியாவில் இன்னும் வினோதம். வட கொரியாவுக்கு எதிராக 2017இல் தென் கொரியாவின் சொங்ஜுவில் தாட் வந்தது. கொதித்தது சீனா. ஏவுகணையைவிட அதன் ரேடார்தான் சீனாவை உறுத்தியது, தன் நிலப்பரப்புக்குள் எட்டிப் பார்க்கும் என்று. தாட்டுக்கு இடம் கொடுத்தது தென் கொரிய வணிக நிறுவனமான லோட்டே குழுமம். சீனாவில் அதன் கடைகள் வரிசையாக மூடப்பட்டன, தென் கொரியாவுக்குப் போகும் சீனச் சுற்றுலாக் குழுக்களும் நின்றன. ஒரு ரேடாரின் பார்வைக்கு இவ்வளவு விலை.

நவம்பர் 22

எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிட்டது. நேற்று விடியற்காலையில் உக்ரைனின் டினிப்ரோ நகரத்தின் மேல் ரஷ்யா ஒரேஷ்னிக் என்ற புதிய ஏவுகணையை ஏவியது. வீடியோவைப் பார்த்தேன். மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஆறு கொத்துகளாக வெளிச்சக் கீற்றுகள், ஒன்றன்பின் ஒன்றாக. இன்றைய எந்தத் தடுப்பு அமைப்பாலும் இதை நிறுத்த முடியாது என்று புதின் தொலைக்காட்சியில் சொன்னார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அவர் எதை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்பதுதான் முக்கியம்.

நேற்றே ரஷ்ய வெளியுறவு அமைச்சகம் இன்னொன்றும் சொன்னது: ரெட்ஸிகோவோ தளம், தேவைப்பட்டால் தாக்க வேண்டிய முன்னுரிமை இலக்குகளில் வெகுநாளாகவே இருக்கிறது. அந்த ஊர் மக்கள் போன வாரம் திறப்பு விழாவைப் பார்த்தார்கள். இந்த வாரம் இந்தச் செய்தியைப் படிக்கிறார்கள்.

நவம்பர் 25

மாணவிக்குக் கரும்பலகையில் நூறு, தொண்ணூறு, பத்து எல்லாம் போட்டுக் காட்டினேன். கோசிகின் கதையைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. தஹ்ரானைப் பற்றிச் சொன்னபோது எதுவும் பேசவில்லை.

கிளம்பும் முன் பலகையை மறுபடி ஒருமுறை பார்த்தாள். "சார், கேடயம் பத்தையும் பிடிச்சிடும்னு போட்டிருக்கீங்க. அந்த 0.34 நொடி இதுல எங்க வருது?"

எங்கேயும் வரவில்லை. பக்கத்து நாடு, கேடயம் ஒன்றுவிடாமல் பிடித்துவிடும் என்று பயந்து ஆயுதத்தைக் கூட்டுகிறது. கேடயம் வைத்திருக்கும் நாட்டின் தலைவரும், நெருக்கடி இரவில் ஒன்றுவிடாமல் பிடித்துவிடும் என்று நம்பி முதல் அடியை அடித்துவிடலாம். தப்பி வரும் ஒன்றோ இரண்டோ எந்த நகரத்தில் விழும் என்பது யார் தாளிலும் இல்லை, என் தாளிலும் இல்லை.

பத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, பலகையை அழிக்காமல் வந்திருக்கிறேன். நாளை பத்தில் இரண்டு தப்பும் என்று வைத்து, இருவருமாக அதை முதலிலிருந்து போடப் போகிறோம்.