சேற்றுக்கு மேல் வெள்ளை: ஒரு டி-34/85 நாட்குறிப்பு

ஜனவரி 4

ஒட்டும் வேலை நேற்று இரவோடு முடிந்தது. இரண்டாம் உலகப் போரின் சோவியத் டேங்க் டி-34/85, 1/72 அளவில் பிளாஸ்டிக் மாடல். பீரங்கிக் குழலை விட்டுவிட்டால் உடல் எட்டரை சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. நிஜத்தில் 32 டன் எடை, உள்ளே ஐந்து பேர். 1945 ஏப்ரலில் பெர்லின் தெருக்களுக்குள் நுழைந்த வண்டியாக இதைச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அந்த நாட்களில் சோவியத் டேங்குகளின் டரட்டைச் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதி) சுற்றி வெள்ளைப் பட்டையும், டரட் கூரையில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடும் போட்டிருந்தார்கள். மேலே பறக்கும் நேச நாட்டு விமானங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக.

சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, சாம்பல் நிற பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். பிரைமர் ஏறிய பிறகுதான் பசைக்கறைகள் கண்ணில் படுகின்றன. முன் தகட்டில் ஒன்று இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர்.

ஜனவரி 6

பச்சை அடித்தேன். 4பிஓ என்று சோவியத் ஆட்கள் பெயர் வைத்திருந்த, கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை. முதலில் தகடுகளின் இணைப்புகளிலும் சக்கரங்களுக்குப் பின்னாலும் கறுப்பு; அதன்மேல் ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாகப் பச்சை, காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ. மேல் தகடுகளுக்கு அதே பச்சையை இன்னும் வெளுப்பாக்கினேன். வெளுக்க வெள்ளையைச் சேர்த்தால் பச்சை செத்துப்போய் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடுகிறது. மணல் மஞ்சளைச் சேர்த்தால் வெயிலில் நின்ற நிறம் வருகிறது. சின்ன மாடலில் நிறத்தை ஒரு படி வெளுப்பாக வைப்பதே நல்லது. பாட்டிலில் இருப்பதை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும்.

அக்ரிலிக்தானே என்று முகமூடி போடாமல் அடிப்பவர்களுக்கு: அந்த மென்தூறலும் நுரையீரலுக்குள்தான் போகிறது. தயவுசெய்து போடுங்கள்.

ஜனவரி 7

பச்சை காய்ந்ததும் பொறுக்க முடியவில்லை. மேல் பூச்சு பிறகு தண்ணீரில் உரிந்து வரட்டும் என்று டரட்டுக்கு ஹேர்ஸ்பிரே அடித்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, வெள்ளைப் பட்டையை ஏர்பிரஷ்ஷில் அடித்துவிட்டேன். நாளைக்கு ஈரத்தூரிகையால் தேய்த்துத் தேய்மானம் காட்ட வேண்டும்.

ஜனவரி 8

வரவில்லை. ஹேர்ஸ்பிரேக்கு மேல் அடித்த அக்ரிலிக்கை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு நாள் விட்டதில் கெட்டிப்பட்டுப் போயிற்று. பல்குத்தியால் சுரண்டினேன், வெள்ளையோடு பச்சையும் வந்து, இடப்பக்கம் பிரைமர் தெரிகிறது.

வருத்தத்தோடு பெர்லின் புகைப்படங்களை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட பட்டை உரியவில்லை என்பதைவிடப் பெரிய தவறு அப்போதுதான் தெரிந்தது. டேப் ஒட்டிய மாதிரி நேர்விளிம்பு ஒரு படத்திலும் இல்லை. ஆட்கள் தூரிகையை எடுத்துக் கைபோக்கில் இழுத்திருக்கிறார்கள். இழுத்தது தொழிற்சாலையில் இருந்து வந்த புதுப் பச்சை மேல் அல்ல. ஏப்ரல் 16 அன்று பெர்லின் தாக்குதல் தொடங்கியது. மே 2 அன்று நகரம் சரணடைந்தது. வண்டியின் பச்சைக்குப் பல மாத வயது இருக்கலாம். வெள்ளைக்குச் சில நாள் வயதுதான். வெள்ளை வருவதற்கு முன்பே வண்டி சேற்றில் புரண்டு, கீறல் பட்டு, எண்ணெய் வழிந்து நின்றிருக்கிறது. நானோ சுத்தமான பச்சைக்கு மேல் வெள்ளையைப் போட்டு, இரண்டையும் ஒன்றாக அழுக்காக்கப் பார்த்தேன்.

ஆகவே இனி வண்டிக்கு எது எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசையில்தான் செய்யப்போகிறேன். முதலில் பழைய தேய்மானம். அப்புறம் பெர்லினுக்குக் கிழக்கே உள்ள ஓடர் ஆற்றுச் சமவெளியின் சேறு. அதற்கு மேல் வெள்ளை. கடைசியாக நகரத்தின் இடிபாட்டுத் தூசி.

ஜனவரி 9

டரட் மறுபடி பச்சை.

ஜனவரி 11

சிப்பிங், அதாவது பெயின்ட் பெயர்ந்த மாதிரி காட்டுவது. கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டில் கரும்பழுப்பைத் தொட்டு, தாளில் ஒற்றி, மூடிகளின் விளிம்பிலும் ஆட்கள் ஏறும் இடத்திலும் லேசாகத் தொட்டேன். இந்த அளவு மாடலில் கை அடங்க வேண்டும். 1 மில்லிமீட்டர் புள்ளி என்றால் நிஜ வண்டியில் 7 சென்டிமீட்டருக்கு மேல் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி முழுக்க அப்படிப் புள்ளிகள் இருந்தால் அது பத்து வருடம் மழையில் கிடந்த வண்டி. ஆரஞ்சுத் துருவை நான் எங்கும் வைக்கவில்லை. டி-34/85 தொழிற்சாலையை விட்டு வரத் தொடங்கியதே 1944-இல்தான். தகட்டில் ஆழமாகத் துரு ஏற இந்த வண்டிக்கு நேரம் எங்கே?

பிறகு பளபள வார்னிஷ். அது பச்சையைக் காக்கும், வாஷும் (நிழல் காட்ட விடும் நீர்த்த பெயின்ட்) தகட்டில் பரவாமல் இடுக்குகளில் ஓடும். இரண்டு நாள் காய வேண்டும்.

ஜனவரி 13

எனாமல் வாஷ். கரும்பழுப்பு, தின்னரில் நன்றாகக் கரைத்தது. ஆணித்தலையை நுனித்தூரிகையால் தொட்டால் தானே ஓடிச் சுற்றிக்கொள்கிறது. அதைப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் எனக்கு இத்தனை வருடத்தில் குறையவே இல்லை.

சக்கரங்களின் பின்பக்கம் மட்டும் கவனிக்காமல் நிறைய ஊற்றிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் "டக்" என்று சத்தம். வலப்பக்க மூன்றாவது சக்கரம் அச்சோடு விழுந்து கிடந்தது. பிளாஸ்டிக் அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் தின்னர் தேங்கி நின்றால் அது நொறுங்கிப்போகும். அந்த அச்சை நான் கொஞ்சம் வளைத்து ஒட்டியிருந்தேன், வார்னிஷும் அங்கே எட்டவில்லை. 0.5 மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகி, ஒட்டினேன். இனி அச்சுப் பக்கம் வாஷ் கிடையாது. கறுப்பு அடித்ததே நிழலுக்குப் போதும்.

ஜனவரி 16

மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், அப்புறம் சேறு. ஸீலோ மேட்டுக்கு முன்னால் இருந்த ஓடர் சமவெளி அந்த வசந்தத்தில் சதுப்பாகக் கிடந்தது, ஜெர்மானியர்கள் வெள்ளநீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதனால் மணல் தூசி கூடாது, கனத்த கரும்பழுப்புச் சேறுதான் வேண்டும். பிக்மென்ட் என்ற நிறத்தூளோடு கொஞ்சம் பிளாஸ்டரும் அக்ரிலிக் பிசினும் குழைத்து, சக்கர இடுக்கிலும் உடலின் அடிப்பக்கத்திலும் அப்பினேன். காய்ந்த பிறகு வெளிர் பழுப்புப் பூச்சு. சேறு காய்ந்தால் விளிம்பில்தான் முதலில் வெளுக்கும். டரட் வரை நாலைந்து துளிகள் மட்டும் தெறித்திருக்கிறது. அந்தத் துளிகள் எனக்கு முக்கியம்.

ஜனவரி 18

வெள்ளை, இரண்டாம் முறை. டேப் இல்லை, ஏர்பிரஷ் இல்லை. நீர்த்த வெள்ளை அக்ரிலிக்கில் துளி மணல் மஞ்சள் கலந்து, பழைய தூரிகையால் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு டரட்டைச் சுற்றி இழுத்தேன். கைப்பிடிக் கம்பி வந்த இடத்தில் தூரிகை தடுக்கி, கம்பிக்குப் பின்னால் பச்சை அப்படியே விட்டுப்போயிற்று. அதைத் தொடவில்லை. அவசரத்தில் வரைந்தவருக்கும் அங்கே தூரிகை எட்டியிருக்காது.

இருபது நிமிடம் கழித்து ஈரத்தூரிகை. டேங்க் மேல் ஏறிவந்த காலாட்படையினர் டரட்டில் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். பக்கவாட்டின் பின்பாதியில், முதுகு உராயும் உயரத்தில் மட்டும் தேய்த்தேன். வெள்ளை அங்கே மங்கி, அடியில் இருந்த சேற்றுத் துளிகள் மேடாகத் தெரிகின்றன. எட்டாம் தேதியிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான்.

ஜனவரி 20

செங்கல் தூசி. செங்கல் சிவப்பு ஒரு பங்கு, வெளிர் சாம்பல் மூன்று பங்கு. சிவப்பு கூடினால் வண்டி வேறு நாட்டுச் செம்மண்ணில் ஓடியதாகிவிடும். உலர்ந்த தூளைக் கிடைமட்டத் தகடுகளிலும் வண்டிக்கு வெளியே மாட்டியிருக்கும் டீசல் உருளைகளின் மேற்புறத்திலும் தட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு தின்னர் வைத்தேன், ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பட்டையின் மேலும் இந்தத் தூசி விழுந்திருக்கிறது, சேறு விழவில்லை. வரிசை சரியாக வந்துவிட்டது.

பின்தகட்டில் இரண்டு புகைக்குழாய் வாய்களைச் சுற்றிக் கரி. உருளை மூடியடியில் டீசல் கசிவு: கரும்பழுப்பு ஆயில் கலரில் கொஞ்சம் பளபள வார்னிஷ்.

ஜனவரி 21

டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிப் பட்டை. இடுக்கில் பழுப்பு, தரையில் படும் முகட்டில் பென்சில் கிராஃபைட். நடுவில் நிற்கும் பற்களின் பக்கங்களிலும் பென்சில் வைத்தேன். டி-34-இல் பின்பக்க ஓட்டுச்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்துத்தான் டிராக்கை இழுக்கிறது. ஓடும் வண்டியில் அங்கே துரு தங்காது.

ஜனவரி 22

காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். கூரைக் கோட்டில், கமாண்டர் மூடிக்குப் பக்கத்தில், வெள்ளை இன்னும் புதுசாக இருக்கிறது. ஆள் ஏறி இறங்கும் இடம் அது. இன்று இரவு அங்கே கொஞ்சம் தேய்க்க வேண்டும்.