யுடைஸ் முடிக்கிறீர்களா? மாணவர் பகுதியில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பள்ளிகள் ஆண்டுதோறும் மத்தியக் கல்வி அமைச்சகத் தளத்தில் பள்ளி, ஆசிரியர், மாணவர் விவரம் பதியும் யுடைஸ் பிளஸ் இந்த ஆண்டு ஒருவழியாக முடிந்தது. பள்ளி விவரமும் ஆசிரியர் விவரமும் ஒரு பொருட்டே இல்லை. போன ஆண்டுத் தகவல் அப்படியே திரையில் வந்து நிற்கும், மாறியதை மட்டும் திருத்தினால் போதும். உயிரை வாங்குவது மாணவர் பகுதிதான். 2022-23 முதல் வெறும் வகுப்புவாரி எண்ணிக்கை போய், பிள்ளைக்குப் பிள்ளை தனிப் பதிவாகிவிட்டது. தொடக்கப் பள்ளியில் இதற்கென்று எழுத்தர் கிடையாது. தலைமை ஆசிரியரும் ஓர் இடைநிலை ஆசிரியரும் பாடத்துக்கு நடுவே பார்க்க வேண்டியதுதான்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கல் அங்கேதான் குவிந்து கிடக்கும். தனியார் நர்சரியில் கட்டணப் பாக்கி வைத்துவிட்டு நம்மிடம் வரும் பிள்ளைக்கு டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இருக்காது. டி.சி. தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது, அதனால் சேர்த்துவிடலாம். ஆனால் பழைய பள்ளி மாநிலக் கல்வித் துறைத் தளமான எமிஸில் விடுவித்து, எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு அனுப்பாத வரை பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பெயர் அங்கே இருக்கும். யுடைஸிலும் இதே கதை. பென் எண்ணும் (ஒவ்வொரு மாணவருக்கும் யுடைஸ் தரும் நிரந்தர எண்) பிறந்த தேதியும் கொடுத்து இறக்குமதி செய்யப் போனால், வேறு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பதாகக் காட்டும்.

தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தளத்திலேயே விடுவிப்புக் கோரிக்கை போடுங்கள், தேதியோடு பதிவாகும். அந்தத் திரையை அச்செடுத்து, சேர்க்கைப் பதிவேட்டின் நகலோடு சேர்த்து வட்டார வள மையத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கிடைக்கும் பதில் தெரிந்ததுதான்: "உங்க லாகின்லயே வருமே சார், நல்லாப் பாருங்க." கையொப்பம் போட்ட தாள் இருந்தால்தான் அந்தப் பள்ளிக்கு அவர்கள் ஒரு போன் போடுவார்கள்.

பென் சரியாக இருந்தும் 'விவரம் பொருந்தவில்லை' என்று வந்தால், நம்மிடம் உள்ள பிறந்த தேதியை விட்டுவிட்டுப் பழைய பள்ளி பதிந்த தேதியைப் போட்டுப் பாருங்கள். பழைய மதிப்பெண் அட்டையில் பெரும்பாலும் அது கிடைக்கும். இழுத்துக்கொண்ட பிறகு பிறப்புச் சான்றிதழின்படி திருத்தலாம்.

இதில் அவசரப்படக் காரணம் உண்டு. யுடைஸுக்குச் செப்டம்பர் 30 கணக்கு என்றால், பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 கணக்கு. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. பள்ளியில் 61 தலை இருந்து எமிஸில் 60 காட்டினால் அந்த ஒரு பிள்ளையோடு ஒரு பணியிடமும் போகும். பழைய பள்ளி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ என்றால் அவர்களுக்கும் இதே கணக்கு தெரியும், அதனால்தான் விடுவிக்க இவ்வளவு இழுக்கிறார்கள்.

அடுத்த தலைவலி ஆதார். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருந்தால்தான் சரிபார்ப்பு ஆகும், மாணவருக்கான நாடு தழுவிய அடையாள எண்ணான அபாரும் உருவாகும். நம் பதிவேட்டில் 'செ. கவின்', ஆதாரில் 'கவின் செ', பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தே இல்லாமல் 'கவின்' என்று இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்தாலும் கதை முடிந்தது. பெற்றோர் வாயால் சொல்வதையோ மங்கிய நகலையோ நம்பித் தட்டச்சு செய்யாதீர்கள், அட்டையைக் கையில் வாங்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேரிடம் ஐந்து வயதுக்கு முன் எடுத்த நீல ஆதார்தான் இருக்கும். கைரேகை, கருவிழி பதிந்து புதுப்பிக்க ஜூன் மாதமே அனுப்பிவிடுவது நல்லது. செப்டம்பரில் சொன்னால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போகும், வேலையும் முடியாது.

சமூகப் பிரிவு எளிதுபோலத் தெரியும். நம் சான்றிதழ்களில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., டி.என்.சி. (சீர்மரபினர்) என்று தனித்தனியாக இருப்பவை எல்லாம் யுடைஸில் ஓ.பி.சி.க்குள் போகும். எஸ்.சி. அருந்ததியர் எஸ்.சி.க்குள். அதிகம் பிசகுவது, பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரான குடும்பத்துப் பிள்ளைகள் விஷயத்தில். தமிழ்நாட்டில் அவர்கள் பி.சி. ஆகவே யுடைஸில் ஓ.பி.சி., சிறுபான்மைக் கட்டத்தில் கிறித்தவர். அண்ணன் பெயருக்கு முன்பு எஸ்.சி. என்று இருந்ததே என்று தங்கைக்கும் அப்படியே போடாதீர்கள். சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் 'பொது'வில் தள்ளுவதும் கூடாது. மூன்றாம் வகுப்பு வந்ததும் பெண் குழந்தைகள் ஊக்கத்தொகைப் பட்டியல் எடுக்கும்போது அந்தப் பெயர் வராது.

மதிப்பெண்ணுக்கு வருவோம். புதிய ஆண்டு விவரம் பதிய வேண்டுமானால், முதலில் புரோகிரெஷனில் (பிள்ளையை அடுத்த வகுப்புக்கு ஏற்றும் பகுதி) போன ஆண்டுத் தேர்ச்சி, சதவீதம், வருகை நாட்கள், இப்போதைய நிலை எல்லாம் போட்டு இறுதி செய்ய வேண்டும். தேர்ச்சி எல்லோருக்கும் உண்டு. சதவீதத்தை மட்டும் ஏதோ ஒரு 75 என்று வரிசையாகப் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிள்ளை வேறு பள்ளிக்குப் போனாலும் அந்த எண் கூடவே போகும். எனவே மூன்று பருவத்தின் வளரறி (பருவத்தின் நடுவே நடப்பது), தொகுத்தறி (பருவ இறுதித் தேர்வு) மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தே போடுங்கள்.

அப்படிப் போட்டாலும் அந்த எண் முழுக்கதையைச் சொல்லாது. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை தொடக்க நிலையான அரும்பில் இருக்கலாம். தன் நிலைக்கான கேள்விகளுக்கு நன்றாகவே விடை எழுதும். சதவீதம் மேலே நிற்கும், வாசிப்பு ஒன்றாம் வகுப்பு அளவில்தான் இருக்கும். யார் எந்த நிலை என்ற விவரத்தைத் தனித் தாளில் வைத்திருந்தால் ஆய்வுக்கு வருபவர் கேட்கும்போது காட்டலாம். எட்டுப் பேர் வகுப்பில் ஒரு பிள்ளை 12.5 சதவீதம். செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போன ஒரு பிள்ளை தேர்வு எழுதவில்லை என்றால் வகுப்புச் சராசரியே ஆடிப்போகும். 'ஏன் குறைந்தது' என்ற கேள்விக்கு வருகைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

விவரம் எல்லாம் சரி என்று தளத்தில் சான்றளிப்பதற்கு முன் ஆண், பெண், வகுப்பு, பிரிவு வாரியாகச் சுருக்க அறிக்கையை எடுத்து, செப்டம்பர் 30 வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்தியபின் திருத்தம் வட்டார வள மையத்தின் கையில். மறுபடி திறந்துவிடச் சொல்லி நிற்கப் போனால், இறுதி நாளுக்கு முந்தைய வாரம் அங்கே உட்கார நாற்காலி கிடைக்காது.